ஒரே தாளில் இரண்டு அட்டவணை

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்ற பிரின்டரின் வயிற்றில் கைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தாள் தங்கச்சி. பேருந்துப் பணிமனையில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். முதலில் அப்படிக் கூப்பிட்டவர் எதிர்மேசைக்காரர். விடியற்காலையில் மாரடைப்பில் அவர் போய்விட்டதாக அவருடைய மைத்துனன் போனில் சொன்னான்.

அவருக்குப் பணிமனையில் பெயர் 'கட்டம்'. ஓட்டுநர்களின் மறுநாள் பணிப்பட்டியலை எக்செல்லில் போட்டு ஒட்டுவது அவர் வேலை. மேலே ஓர் அட்டவணை: யார், எத்தனை மணிக்கு, எந்த வண்டி. எல்லாம் ஒடுங்கிய கட்டங்கள். அதன் கீழே இன்னொன்று: யார் விடுப்பு, மாற்று ஆள் யார், என்ன காரணம். காரணத்துக்கு அகலம் வேண்டும். ஆனால் ஒரே தாளில் இரண்டுக்கும் நெடுக்குக் கோடுகள் பொது. கீழே இழுத்தால் மேலே உப்பும். மேலே ஒடுக்கினால் கீழே எழுத்து நெரியும்.

"ரெண்டும் மாமியார் மருமக மாதிரி தங்கச்சி. ஒரே வீடு, ஆளுக்கொரு அறை வேணும்" என்பார். தாள் முழுவதையும் சீப்புப் பல் போல மெல்லிய கட்டங்களாக்கி, தேவைக்குத் தகுந்தபடி சிலவற்றை ஒன்றாக இணைப்பார். பொறுமை தின்னும் வேலை. ஒருமுறை அவர் விடுப்பில் இருந்தபோது மேலாளரே காரணக் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். மேல் அட்டவணையின் கடைசியில் இருந்த வண்டி எண்கள் இரண்டாம் தாளுக்கு ஓடிவிட்டன. அந்தத் தாளை யாரும் ஒட்டவில்லை. விடிந்ததும் ஒரே வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் சண்டை.

நாளைக் காலையில் அடக்கம். ஓட்டுநர்கள் பலர் விடுப்புக் கேட்டிருந்தார்கள். மாற்று ஆட்களும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் மாலைக்குள் பட்டியல் பலகையில் ஏறினால்தான் விடுப்பு செல்லும். இல்லையென்றால் ஒருவராலும் போக முடியாது.

"கட்டத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டு முடிம்மா" என்றார் மேலாளர்.

"போன தடவை நீங்க இழுத்தது போதும் சார்."

அவர் தன் அறைக்கு நகர்ந்தார்.

தங்கச்சி எதிர்மேசை நாற்காலியில் உட்கார்ந்தாள். அது கட்டம் தன் உயரத்துக்கு வைத்திருந்த நாற்காலி. கால் தரையில் எட்டவில்லை. காரணத்துக்கு இடம் போதவில்லை என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்ததால், அவர் நேற்றுதான் அதை அகலமாக்கத் தொடங்கியிருந்தார். பாதியில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மீதியக் காலைல பாத்துக்கறேன்" என்று எழுந்து போனார். விட்ட இடத்திலிருந்து அவள் வரிசை வரிசையாக இணைத்துக்கொண்டே போனாள். கண் எரிந்தது. அழுகையா, திரையா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

மூத்த ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, என் பேரு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணே."

"காரணம்னு என்ன போட்ட?"

"'கட்டம் வீட்டுக்கு'ன்னு."

"அவ்வளவும் உள்ள அடங்குதா?"

"அடங்குது அண்ணே. இன்னும் இடம் இருக்கு."

"மனுஷன் கடைசியில இடம் விட்டுட்டுத்தான் போயிருக்கான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

மாலை மங்குவதற்குள் பட்டியல் பலகையில் ஏறியது. ஒரே தாள், இரண்டு அட்டவணை, வண்டி எண்கள் உட்பட. கீழ் அட்டவணையின் கடைசி வரிசையில் மட்டும் எழுத விடுப்புக்காரர் யாரும் மிச்சமில்லை. அதன் கட்டங்கள் அவர் விட்டுப்போனபடி இன்னும் இணைக்கப்படாமலே இருக்கின்றன.