பேண்ட் வரிசையில் என் மகளின் கால்

என் மகள் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடிக்கச் சேர்ந்தாள். சும்மா நடந்தாலே கதவில் இடித்துக்கொள்கிற பிள்ளை. தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் பாதி அவள் பாவாடையில் இருக்கும்.

பள்ளியில் நிற்க வைத்துத்தான் பழக்கினார்கள். நடந்துகொண்டே அடிக்கிறவர்களைத்தான் கள்ளக்குறிச்சியில் நடக்கும் சுதந்திர தின அணிவகுப்புக்கு எடுப்போம் என்று சொன்னதிலிருந்து எங்கள் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் டிரம் ஏது? பக்கெட்டைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டி, மரவள்ளிக் குச்சி இரண்டால் தட்டிக்கொண்டு வாசலில் நடந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"இன்னாடி, பக்கெட்டு உன்ன இழுத்துக்கினு போவுதா?" என்று எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். மகள் உள்ளே ஓடிவிடுவாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். "மொதல்ல வலது கால எடுத்து வையி. அப்பறம் தட்டு." நல்ல காரியத்துக்கு வேறு எந்தக் காலை வைப்பார்கள்? பத்து நாள் காலையும் மாலையும் நடந்தோம். கையும் காலும் சேர்ந்துவிட்டன.

ஆள் எடுத்த அன்று அழுதுகொண்டு வந்தாள். சார் "லெப்ட்" என்று சொல்லியும் பழகின வலது கால்தான் முன்னால் போனதாம். முன்னால் போனவள் காலை மிதித்து இரண்டு பேரும் விழுந்தார்களாம். "நாளைக்கு வேற பொண்ண எடுக்கப் போறாரும்மா."

மறுநாள் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கிற வேலைக்கு நான் போகவில்லை. வாத்தியார்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள். பள்ளி கேட் வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். பேண்ட் பழக்குகிற விளையாட்டு சாரே பார்த்துவிட்டு, "இன்னாம்மா, யாரப் பாக்கணும்?" என்றார்.

"தப்பு என்னுதுங்க சார். நான்தான் வலது கால்ல கத்துக் குடுத்துட்டேன். நான் சொன்னத அவ செஞ்சா, அவ்ளோதான்."

"புது மருமவளுக்குச் சொல்றத பேண்டுக்குச் சொன்னீங்களா!" என்று சத்தமாகச் சிரித்தார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

என் மகளைக் கூப்பிட்டு, டிரம்மை மாட்டி மறுபடி நடக்கச் சொன்னார். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டாள். அடுத்த தடவை உதட்டைக் கடித்து, தன் இடது காலையே பார்த்துக்கொண்டு மைதானத்தின் கோடிவரை போய்ச் சேர்ந்தாள்.

"சரி, கடைசி வரிசை. ஆனா தலைய நிமித்திக்கினு போவணும்," என்றார்.

சந்தோஷமாக ஓடி வருவாள் என்று நின்றேன். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "இனிமே நீ எதுவும் சொல்லித் தராதம்மா," என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏறுவதற்குள்ளேயே, தலையை நிமிர்த்த எப்படிப் பழக்கலாம் என்று நாலு யோசனை வந்துவிட்டது. சாயங்காலம் அவள் வந்ததும் வாயை எப்படி மூடி வைத்திருப்பது என்றுதான் தெரியவில்லை.