விமானி அறையில் என் கட்டில்

நான் பொறாமைப்பட்டு வளர்ந்தது செத்துப்போன ஓர் ஆள்மேல். அவன் விமானி. போரில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திப் பேர் வாங்கியவன். கடைசியில் கடலில் விழுந்து உடல்கூடக் கிடைக்காமல் போனவன். அவன் குடும்பம் விற்ற வீட்டைத்தான் அப்பா வாங்கினார். நான் பிறப்பதற்கு முன்பே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனாலும் எங்கள் வீட்டில் அவனுக்குத்தான் முதல் மரியாதை.

சொல்ல வந்தது என் அம்மாவைப் பற்றி. அவளைப் பற்றிப் பேசினாலும் அவன்தான் முன்னால் வந்து நிற்கிறான், பாருங்கள்.

அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைதான் அவள் பிழைப்பு. பள்ளி திறக்கும் மாதத்தில் முன்னறையில் நீலத் துணி மலையாகக் குவிந்திருக்கும். அதற்குள் அம்மாவின் தலை மட்டும் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவார்கள்.

“இதுதானே விமானி வீடு?”

அம்மா வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, “இது தையக்காரி வீடு. அவரு காலி பண்ணி ரொம்ப நாளாச்சு” என்பாள்.

வந்தவர்கள் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி, “வீட்டுக்காரங்க யாராவது இருந்தா கூப்பிடுங்களேன்” என்பார்கள். எத்தனையோ பேர் அவளை வேலைக்காரி என்றே நினைத்தார்கள். அவர்கள் போன பிறகு மெஷின் ஓடும் வேகத்திலேயே அவள் கோபம் தெரியும். அன்று தைத்த கால்சட்டைகள் சீக்கிரம் கிழியாது.

அப்பாவுக்கு நேர் எதிர் குணம். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற வேலை. அங்கே யாரும் அவரைச் சீந்தியதில்லை. ஆனால் விமானி வீட்டுக்காரர் என்றதும் பெரிய மனிதர்கள் கைகொடுத்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மாடி அறையைக் காட்டி, “அவரு இருந்தப்ப எப்படியோ அப்படியே வச்சிருக்கோம். ஒரு துரும்பக்கூட அசைக்கல” என்று பத்திரிகைக்காரரிடம் கூசாமல் அளந்துவிட்டார். அதைப் படம் போட்டு அச்சடித்தும்விட்டார்கள்.

அந்த அறையில் படுத்துக்கொண்டிருந்தவன் நான்!

அதன்பிறகு யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் என் பாடு திண்டாட்டம்தான். என் கட்டிலைப் பின்பக்கப் பால்கனிக்குத் தள்ளுவார்கள். பாடப் புத்தகம், சட்டை, செருப்பு எல்லாம் மூட்டையாகும். அறைப் பரணிலிருந்து, விமானி குடும்பம் விட்டுப்போன பழைய மேஜையும் அவன் படமும் இறங்கும். நான் மூட்டையோடு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். என் படுக்கையைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுப்பது அம்மாதான். வாயே திறக்க மாட்டாள். அவளுக்கும் அவன்தான் உசத்தி என்று நினைத்து வயிறெரிந்தேன்.

வந்தவர்கள் போகும்போது என் கன்னத்தைத் தட்டி, “நீயும் அவரை மாதிரி வரணும்” என்பார்கள். எனக்கு மொட்டைமாடி விளிம்புக்குப் போனாலே கால் நடுங்கும். கடைசியில் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன். என் மச்சான், “பரவாயில்ல மாப்பிள்ள, நீயும் மேல போய்த்தானே கீழ வர்றே” என்று இன்றுவரை ஓட்டுகிறான்.

அப்பா போன பிறகு அரசாங்கம் வீட்டை வாங்கி நினைவில்லம் ஆக்கியது. அம்மா என்னோடு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டாள். ஒருநாள், அங்கே என்னதான் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனோம். சொந்த வீட்டுக்குள் டிக்கெட் எடுத்து நுழைந்தோம். கூடத்தில் வீட்டின் வரலாறு எழுதிய பலகை. விமானியின் தாத்தா கல் வாங்கியதிலிருந்து எல்லாம் இருந்தது. கடைசிக்கு முந்திய வரி: ‘பின்னர் வீடு தனியார் வசம் இருந்தது.’

“தனியார்னா யாருடா?” என்றாள் அம்மா.

“நாமதாம்மா.”

“ஏன், நமக்குப் பேரில்லையா?”

அன்றிலிருந்து அவளுக்கு அது தொண்டையில் மாட்டிய முள். தன் பெயர் அந்தப் பலகையில் ஏறிய பிறகுதான் கண்ணை மூடுவேன் என்றாள். நான்தான் மனு மேல் மனுவாகப் போட்டேன். போன மாதம் நினைவில்லப் பொறுப்பாளர் அம்மாவையே நேரில் வரச் சொன்னார். அம்மா இதற்கென்று ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டாள்.

பொறுப்பாளர் நல்ல பெண். கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். என் அறை. வாசலை மறித்துச் சிவப்புக் கயிறு. உள்ளே ஒரு கட்டில், மேஜை, சுவரில் சீருடையில் சிரிக்கும் விமானி. அம்மா கட்டில் விரிப்பை உற்றுப் பார்த்து, “ஓரம் அடிச்சது யாரு? இவ்வளவு கோணலா!” என்றாள்.

பொறுப்பாளர் சிரித்துவிட்டு அந்தப் பழைய பத்திரிகைப் படத்தைக் காட்டினார். “நீங்க இருந்த காலம் பூராவும் இந்த ரூம அப்படியே காப்பாத்தியிருக்கீங்க. அதப் பலகைல போடப்போறோம்மா, உங்க முழுப் பேரோட. நீங்க உங்க வாயால ஒரு தடவ சொல்லிட்டா போதும், பதிவு பண்ணிக்கிறேன்.” போனை அம்மாவின் முகத்தருகே நீட்டினார்.

சரி என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். எத்தனை வருட ஆசை! அவள் பெயர் ஏறினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதோடு என் அறை என்றைக்கும் அவனுடையதாகிவிடும். அப்பாவைத்தான் கொண்டுபோனான், அம்மாவையும் விடமாட்டானா இவன்?

“எப்படிப் போடுவீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள் அம்மா.

“விமானியின் அறையைப் பல்லாண்டு காத்தவர்னு.”

அம்மா சுவரிலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அது பொய்ம்மா” என்றாள். “என் வீட்டுக்காரர் பெருமைக்குச் சொன்னது. இது என் புள்ள ரூம். தொட்டில்ல இருந்து இறங்கினதுல இருந்து கல்யாணம் வரைக்கும் இங்கதான் படுத்தான். யாராச்சும் வந்தா அவன் படுக்கைய நானே சுருட்டிக் கீழ கொண்டு போவேன். மத்த நாளெல்லாம் இவரு சாமானைப் பரண்ல போட்டு வச்சிருந்தேன். அந்தப் படத்தக்கூட மூஞ்சிய சுவத்துப் பக்கமாத் திருப்பித்தான் வைப்பேன். எம்புள்ள தூங்கறப்ப இன்னொருத்தன் நின்னு சிரிக்கிறது எனக்குப் புடிக்கல.”

பொறுப்பாளர் போனை அணைத்துவிட்டார். “மன்னிச்சுக்கங்கம்மா. இத எப்படிப் போடறது?”

“போடாதீங்க. என் பேரும் வேணாம். எம்புள்ளய அழிச்சிட்டு எனக்கென்ன பேரு வேண்டியிருக்கு?”

சொல்லிவிட்டு, புது ரவிக்கையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். பொறுப்பாளர் பின்னாலேயே ஓடினார். நான் அங்கேயே நின்றேன். இத்தனை வயதுக்கு மேல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதேன்.

அப்போது வழிகாட்டி அடுத்த கூட்டத்தோடு மேலே வந்தான். என்னைப் பார்த்ததும் கை காட்டி எல்லோரையும் நிறுத்தினான்.

“பாருங்க” என்றான் மெதுவாக. “இத்தனை வருஷம் ஆகியும் நம்ம விமானிக்காக ஜனங்க எப்படி அழறாங்கன்னு.”