ஏழு நாள் நின்ற மோட்டார்கள்

செங்கோட்டையன் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். என் பெயர் கோமதி. கேரள எல்லைக்குள் வேலந்தாவளத்துக்கும் நல்லேப்பிள்ளிக்கும் நடுவே மூன்று வார்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் எங்கள் மின் கூட்டுறவுச் சங்கத்தில் பதினோரு வருஷமாகக் கிளார்க். அவர் அங்கே லைன்மேனாக இருந்தார்.

சங்கம் சின்னது. மொத்தமாகக் கரண்ட் வாங்கி வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். கிழக்கே போகும் லைனில் நாற்பத்து மூன்று போர்வெல் மோட்டார்கள். எல்லாம் ஒன்றாக ஓடினால் லைன் தாங்காது. மோட்டார் உறுமுமே தவிர தண்ணீர் ஏறாது. அதற்காக அண்ணன் முறை பிரித்து வைத்திருந்தார். ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் காலை, இந்தப் பக்கம் பிற்பகல். யார் வீட்டிலாவது எழவு விழுந்தால், நடவு வந்தால், ஆளுக்கு ஆள் மாற்றிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு வரி எழுதி வைத்ததில்லை. தோட்ட மோட்டாருக்கு மீட்டரும் கிடையாது, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று வருஷக் கட்டணம்தான். எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மாசியில் தேங்காய்ப்பால் பவுடர் செய்யும் கம்பெனி ஒன்று இடம் பார்க்க வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஓர் இடம், இந்தப் பக்கம் எங்கள் இடம், இரண்டில் ஒன்று. சங்கத் தலைவர் நல்லமுத்துவுக்குத் தரையில் கால் பாவவில்லை. எண்பது பேருக்கு வேலை, சங்கத்துக்கு ஒரு பெரிய இணைப்பு, வெறுங்காடாகக் கிடக்கும் சங்க நிலத்துக்கும் ஒரு விடிவு. அவர் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாம் இருட்டோடு பஸ் ஏறிக் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகிறவர்கள். அண்ணனின் மகள் செல்வப்பிரியாவும் அப்படித்தான். பஞ்சுத் தூசியில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

கம்பெனி இன்ஜினியர் ஜோஸ் தொடுபுழைக்காரர். நல்ல மனுஷன். கம்பத்தில் ஒரு பெட்டியை மாட்டினார். வோல்டேஜ் எவ்வளவு, லைனில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று ஏழு நாள் அது தானே பதிந்துகொள்ளும். வோல்டேஜ் நானூறுக்குக் கீழே போனால் இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முறைப்படி பாதி மோட்டார்கள் ஓடினாலே லைன் கடைசியில் முந்நூற்றைம்பதுக்கு வந்துவிடும். நல்லமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "செங்கோட்டா, ஏழு நாளு வோல்டேஜ் உளுகாம பாத்துக்க. எப்பிடின்னு எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு நாற்பத்து மூன்று தோட்டத்துக்கும் போனார். எங்கள் தோட்டத்துக்கும் வந்தார். ஊர் நன்மைக்கு ஏழு நாள் மோட்டாரை அணைத்து வையுங்கள் என்றால், வேறு எவனையும் மாசி வெயிலில் மண்வெட்டியோடு துரத்தியிருப்பார்கள். கேட்டது அண்ணன். ஒருவர்கூட மறுக்கவில்லை.

பழனாத்தாள் மட்டும் யோசித்தாள். ஒன்றரை ஏக்கரில் பாகல் பந்தல் போட்டுத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவள். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"பாவல் பூவும் பிஞ்சுமா நிக்குது தம்பி. ஏழு நாளு தண்ணியில்லீன்னா உதுந்து போயிருமே."

"ஏழே நாளுங்க அக்கா. அப்பறம் நீங்க கேக்கற நேரமெல்லாம் உங்குளுக்குத்தான் கரண்டு."

"நீ சொன்னா செரி" என்று போய் ஸ்விட்சை அணைத்தாள். பிஞ்சில் முக்கால்வாசி உதிர்ந்தது. அதை அவள் அண்ணனிடம் சொல்லவே இல்லை.

வோல்டேஜ் அசையவில்லை. கம்பெனி எங்கள் இடத்தையே தேர்ந்தெடுத்தது. நல்லமுத்து ஆபீசில் லட்டு கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ஒப்பந்தம் டைப் அடிக்க என் மேஜைக்கு வந்தது. கூடவே இருந்த ஜோஸின் அறிக்கை இப்படிச் சொன்னது: இந்த லைனில் நாற்பத்து மூன்று விவசாய இணைப்புகள் பேருக்குத்தான் உள்ளன. பதிவின்படி உபயோகம் அநேகமாக இல்லை. மக்கள் விவசாயத்தை விட்டுவிட்டதாகத் தெரிகிறது. ஆகவே காலை ஆறு முதல் இரவு பத்து வரை லைனின் முழுத்திறனும் தொழிற்சாலைக்கே ஒதுக்கப்படலாம்.

டைப் அடிப்பதை நிறுத்தினேன். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"நாம மருவாதிக்கு அணைச்சதை, ஆளே இல்லீன்னு எழுதிப்போட்டாங்களே அம்மணி" என்றார்.

நல்லமுத்துவிடம் போனார். புது டிரான்ஸ்பார்மருக்கு எழுதிப்போடுவோம், ரெண்டு மூணு வருஷத்தில் வந்துவிடும், அதுவரை வாயைத் திறக்காதே என்றார் அவர். திறந்தால் பதிவைக் கெடுத்த குற்றம் அண்ணன் தலையில். ஓய்வு பெற ஐந்தே மாதம். வேலைக்கான முதல் பட்டியலில் செல்வப்பிரியாவின் பெயர் இருந்தது.

சித்திரையில் பொதுக்குழு கூடியது. மினிட்ஸ் புத்தகத்தோடு மேடை ஓரத்தில் நான். ஒப்பந்தத்தைப் படித்து முடித்ததும் அண்ணன் எழுந்தார். அந்த ஏழு நாளும் தான் சொல்லித்தான் மோட்டார்களை நிறுத்தினார்கள், பெட்டி மறுபடி மாட்டப்பட வேண்டும், தண்டனை எதுவானாலும் தனக்கு என்றார்.

மேடையில் இருந்த ஜோஸ் திகைத்துப்போய், "அந்த முறை எழுதிவெச்ச ரெஜிஸ்டர் ஏதாவது உண்டா சேட்டா? காணிச்சா நான் இப்பவே ஒப்பந்தத்தை நிறுத்தலாம்" என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார்.

"இல்லீங்க. எல்லாம் மனசுலதான்."

நல்லமுத்து சிரித்தபடி கூட்டத்தைப் பார்த்தார். "செரி. இவரு சொல்லி மோட்டாரை நிறுத்துனவிக கையைத் தூக்குங்க."

செங்கோட்டையன் அண்ணன் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். இருபத்திரண்டு வருஷம் மழையிலும் இடியிலும் யார் யாருக்காகக் கம்பம் ஏறினாரோ, அவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். அநேகமாக ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு பெயர் அந்த வேலைப் பட்டியலில் இருந்தது. ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்து நோண்டினார்.

கடைசி வரிசையில் பழனாத்தாள் கையைத் தூக்கினாள். "நா நிறுத்துனனுங்க. இவரு பொய் சொல்ல மாட்டாருங்க" என்றாள். வேறு எந்தக் கையும் எழவில்லை.

ஒப்பந்தம் நிறைவேறியது. அண்ணனை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்தார்கள். இப்போது தொழிற்சாலை ஓடுகிறது. செல்வப்பிரியாவைக் கம்பெனிக்காரர்களே கூப்பிட்டும் அவள் போகவில்லை. பழைய மில்லுக்கே பஸ் ஏறுகிறாள். பழனாத்தாளின் மோட்டாரில், வோல்டேஜ் குறைந்து இரண்டு முறை காயில் கம்பி எரிந்துபோனது. மூன்றாவது முறை எரிந்தபோது அவள் மறுபடி காயில் கட்டவில்லை. பந்தலைப் பிரித்துக் கல்லுக்கால்களை விற்றுவிட்டாள்.

போன வாரம் ஓய்வுக் கணக்கை முடிக்கக் கையெழுத்துப் போட அண்ணன் ஆபீசுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், பொதுக்குழு மினிட்ஸை எடுத்து நீட்டினேன். 'ஓர் உறுப்பினர் மட்டும் கை தூக்கினார்' என்று என் கையெழுத்தில் இருந்தது. படித்துவிட்டு மெல்லத் திருப்பிக் கொடுத்தார்.

"செரியாத்தானம்மணி எழுதியிருக்கறே. ஒரு கைதான எந்திரிச்சுது" என்றார்.

அந்த ஏழு நாளும் எங்கள் தோட்டத்து மோட்டாரை அணைத்து வைத்தது நான். பட்டியலில் என் தம்பி பெயர் இருந்தது. அவர் சொல்லித்தான் அணைத்தேன் என்று தெரிந்தும், கூட்டத்தில் என் கை பேனாவைப் பிடித்துக்கொண்டு மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தது.