அடுப்படிப் புகையும் மனைவியின் மச்சானும்

1992ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, சைக்கிள் டயர்களை அமத்திப் பார்த்தேன். எட்டு மணிக்குள் சாவகச்சேரியில் கந்தோருக்கு வேலைக்குப் போய்விட வேண்டும். அடுப்படியில் மனைவி இருமிய சத்தம் முற்றம்வரை கேட்டது.

மண்ணெண்ணெய் யானைவிலை விற்ற காலம். குக்கர் அடுப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டோடு கட்டியிருந்த பழைய விறகடுப்புக்குத் திரும்பியிருந்தோம். புகைக்கூடு வைத்த நல்ல அடுப்பு. இரண்டு வருடமாக ஒரு கரைச்சலும் தரவில்லை. அந்த மாதம் மழை தொடங்கியதும் புகை மேலே போக மறுத்து, அடுப்பு வாயாலேயே திரும்பி வந்தது.

நான் முறையாகத்தான் பார்த்தேன். ஞாயிறன்று கயிற்றில் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கட்டிப் புகைக்கூட்டுக்குள் இறக்கிக் கரி வழித்தேன். திங்கள் சாம்பலை அடிவரை அள்ளினேன். செவ்வாய் விறகில் நன்றாகக் காய்ந்த பூவரசங்கொத்துகளாகத் தேர்ந்து கொடுத்தேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணமென்று தெரியாமற்போகும். ஆகவே நாளுக்கு ஒன்று.

மனைவிக்கு அந்தப் பொறுமை இல்லை. "நீங்கள் ஒண்டொண்டாப் பாத்து முடிக்க என்ரை கண் அவிஞ்சுபோம். பின்னேரம் மச்சான் வருவார். அவரிட்டை ஒருக்காக் காட்டுவம்."

அவளுடைய மாமன் மகனைத்தான் சொன்னாள். வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். ஆங்கில ஆசிரியர். ஒரு காலத்தில் இருவருக்கும் கலியாணம் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தாததால் கைவிட்டார்கள். பிறகுதான் எனக்குப் பேசினார்கள். இதை எனக்கு யாரும் மறைத்ததில்லை. அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அவர் வருவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அன்று கந்தோரில் முழுநாளும் யோசித்தேன். பிடிபடவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய சைக்கிள் எங்கள் மாமரத்தில் சாய்ந்திருந்தது. அடுப்படியில் பலகைக்கட்டையில் அவர் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சீனி இல்லாத நாளில் பனங்கட்டிதான். அவர் கையில் இருந்தது பெரிய துண்டு.

"அண்ணை, மச்சாளின்ரை கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. நீங்கள் அடிச்சனீங்களோ, அடுப்பு அடிச்சதோ?"

"சாதகம் பொருந்தியிருந்தா இந்தப் புகை உமக்கு வந்திருக்கும்," என்றாள் மனைவி.

"தப்பிச்சன்!"

அவள் சிரித்தாள். என்னோடு அவள் அரிசி, விறகு, மழை பற்றிக் கதைப்பாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பை அவர் வரும் நாட்களில்தான் கண்டிருக்கிறேன்.

அவர் சேர்ட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு ஏணியில் ஏறினார். புகைக்கூட்டுக்குள் பார்த்தார், தடி விட்டுக் கிண்டினார். முகமெல்லாம் கரியோடு இறங்கி, "உதுக்குள்ளை ஒண்டுமில்லை. கண்ணாடி மாதிரிக் கிடக்கு," என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை நான் வழிச்சது," என்றேன். அன்று எனக்குக் கிடைத்த முதல் சந்தோசம் அது.

மனைவி கவலையோடு, "போய்க் கையைக் கழுவும். சோப் இல்லை, சாம்பலைப் போட்டுத் தேயும்," என்றாள். சாரல் அடிக்குமென்று சாத்தியிருந்த பின்கதவைத் திறந்து அவர் கிணற்றடிக்குப் போனார். அந்தக் கணமே அடுப்பு வாயில் தொங்கிக்கொண்டிருந்த புகை உள்ளே இழுபட்டு, நேராக மேலே போனது.

மூவரும் பார்த்தோம்.

"பாத்தியளே, நான் வெளியிலை போனாப் புகையும் போகுது," என்றார் அவர் வாசலில் நின்று. பிறகு தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். "அண்ணை, புகை வெளியிலை போறதெண்டா உள்ளுக்குக் காத்து வரவேணுமெல்லே. உந்த ஓட்டையளுக்கு ஏன் சாக்கு அடிச்சனீங்கள்?"

நான் அடித்த சாக்குத்தான். இரவில் சுட வரும் ஹெலிகொப்டருக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று, மாதத் தொடக்கத்தில், கூரையடியில் இருந்த காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் அளந்து, வெட்டி, ஆணி அடித்து மூடியிருந்தேன். மழையும் அதே வாரத்தில் தொடங்கியது. நான் விறகையும் கரியையும் சந்தேகித்தேன். என் கைவேலையைச் சந்தேகிக்கவில்லை.

"இவருக்கு எதையும் அரைகுறையாச் செய்ய ஏலாது," என்றாள் மனைவி. புகழ்ந்தாளா, பழித்தாளா என்று கேட்க எனக்கு விருப்பமில்லை.

"இப்ப இருண்டுபோச்சு. காலமை வாறன் மச்சாள். நானே ஏறிக் கழட்டித் தாறன்," என்றார் அவர்.

"ஓம், வாரும். பிட்டு அவிச்சு வைக்கிறன்."

நான் அவருடைய சேர்ட்டை நீட்டினேன். அவர் வந்தால் அடுத்த நாளும் அதே பலகைக்கட்டை, அதே சிரிப்பு, கூடவே பிட்டு.

மறுநாள் காலை, முகம் கழுவுவதற்கு முன்பே, ஏணியை எடுத்து வந்து ஆணிகளைப் பிடுங்கினேன். இரவில் மாட்டவும் விடிந்ததும் கழற்றவும் வசதியாக, சாக்குகளின் மேல்விளிம்பில் கயிற்று வளையம் வைத்துத் தைத்தேன். பின்கதவைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டினேன். அடுப்பு வாயால் புகை கொஞ்சமும் வரவில்லை. பிறகு ஒரு சாக்கை நான்காக மடித்து, சைக்கிளில் வருகிறவருக்கு வேலை முடிந்ததென்று தூரத்திலேயே தெரியும்படி, வாசல் படலையில் தொங்கவிட்டேன்.