பொழுது மறைந்த பின் ரெண்டு ஆட்டம்

என் மகள் இப்போது நான்காம் வகுப்பு. போன வாரம் சூரியன் ஏன் மறைகிறது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே இன்னும் நல்ல வெயில். பொழுது சாய்கிற பேச்சே எனக்கு ஆகாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது கம்பம்மெட்டுக்குக் கீழே, ஏலத்தோட்டப் பள்ளத்தில் இருந்த ஒரு தொழிலாளர் லயத்தில். மேற்கே மலை சுவராக நிற்கும். மத்தியானச் சோறு செரிப்பதற்குள் சூரியன் அதன் பின்னால் போய்விடும். ஆனால் வானம் வெளுத்தே கிடக்கும். "பொழுது மறைஞ்சிருச்சு, வாங்கடி" என்று கூப்பிட்டுத்தான் நாங்கள் விளையாட்டையே தொடங்குவோம். அதற்குப் பிறகு ரெண்டு ஆட்டம் ஆடி முடித்து, கைகால் கழுவி, வீட்டுக்குள் போனால்தான் இருட்டும். கல்யாணம் ஆன பிறகும் அதே பள்ளத்தில்தான் குடித்தனம். கணவர் மெட்டில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தார்.

மகளுக்கு நான்கு வயதானபோது அவர் வேலையை விட்டுவிட்டு, விவசாயம் பார்க்க, சமவெளியில் இருக்கும் தன் சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறைக்கே எங்களை அழைத்து வந்தார். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் மாடு பார்க்க வேலந்தாவளம் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்த மாட்டுக்குப் புல் அறுத்து வரலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினேன். போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டிருந்தேன்.

"பொழுது உழுகறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும் கண்ணு. கெணத்துப் பக்கம் கொழந்தய உட்றாத" என்றார் மாமியார்.

தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாயைப் பிளந்து கிடக்கும். அதைக் காட்டி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் அரிவாளை எடுத்தேன்.

புல்லைக் கட்டி முடித்தபோது சூரியன் தென்னைகளுக்குக் கீழே இறங்கி, குங்குமமாக, கண் கூசாமல் நின்றது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அது மண்ணுக்குள் போனதும் மகள் என் சேலையை இழுத்தாள்.

"பொழுது மறைஞ்சிருச்சும்மா. ரெண்டு ஆட்டம்?"

லயத்துக் கணக்கு அவளுக்கும் பாடமாகியிருந்தது. மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளிச்சம் இன்னும் நிறையக் கிடக்கிறதே, இந்த ஊர்க்காரர்கள் சரியான பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

கண்ணாமூச்சியில் எங்கள் லயத்துச் சட்டம் ஒன்று உண்டு. கண்டுபிடித்துத் தொடுகிறவரை ஒளிந்தவர் மூச்சுக் காட்டக் கூடாது. மகள் அதோடு தன் கண்ணையும் இறுக மூடிக்கொள்வாள். தனக்குத் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எண்ணம். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமாம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

முதல் ஆட்டத்தில் புல்லுக்கட்டுக்குப் பின்னாலேயே பிடித்துவிட்டேன். இரண்டாவதில் அவளைக் காணவில்லை. மோட்டார் ரூமைச் சுற்றினேன். வாழைகளுக்குள் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பள்ளத்தில் சூரியன் மறைந்ததே இல்லை. மலைதான் அதை மறைத்தது. மலைக்கு அப்பால் அது எரிந்துகொண்டுதான் இருந்தது, அதன் வெளிச்சத்தில்தான் அத்தனை நாளும் விளையாடியிருக்கிறோம். இங்கே குறுக்கே வந்தது பூமி. இதற்கு அப்பால் வெளிச்சம் என்று ஒன்று மிச்சம் இல்லை.

"தாயி, வெளிய வா. அம்மா தோத்துட்டேன்."

நான் இன்னும் தொடவில்லையே. சட்டம் சட்டம்தான். ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருந்தேன். கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நிலா இல்லை. தென்னை எது, வானம் எது என்று தெரியவில்லை. கிணறு எந்தப் பக்கம் என்பதும் தெரியவில்லை. ஓடலாம் என்று எடுத்த காலைத் திரும்ப வைத்தேன்.

அப்போது இடது பக்கத்திலிருந்து, தரையை ஒட்டி, அவள் குரல் வந்தது.

"அம்மா, நான் கண்ணத் தொறந்துட்டேன். இன்னும் இருட்டாவே இருக்கு."

எழுந்திருக்கப் போகிறாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"தொறக்காத!" என்றேன். பிறகு குரலை இழுத்துப் பிடித்து, விளையாட்டாக்கிச் சொன்னேன். "இன்னும் ஆட்டம் முடியல தாயி. கண்ண மூடிக்க. அசையாம இரு. அம்மா கண்டுபிடிக்கிறேன், பாரு."

"சரி" என்றது குரல்.

நான் மண்டியிட்டுத் தவழ்ந்தேன். தரையைத் தட்டிப் பார்த்த பிறகே ஒவ்வொரு கையையும் வைத்தேன். புல், கல், ஈர மண். பிறகு வலது கைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. சரிந்த மண்கட்டி ஒன்று, நெடுநேரம் கழித்து, கீழே தண்ணீரில் விழுந்தது. இடது கையை அந்த விளிம்பை ஒட்டியே நகர்த்திக்கொண்டு போனேன். ஒரு சின்னப் பாதம் தட்டுப்பட்டது. கணுக்காலோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, அவள் மேல் அப்படியே படுத்துவிட்டேன்.

என் கைக்குள் நெளிந்துகொண்டு, "ரொம்ப நேரமாச்சு. நாந்தான் ஜெயிச்சேன்" என்றாள். அவள் கண் இன்னும் மூடித்தான் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.