பின்பக்கப் பொத்தான்

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்வார். பொத்தான்கள் முதுகுப் பக்கம் இருக்கும். காரின் மேல் குனிந்து துடைக்கும்போது பொத்தான் உரசினால் பெயின்டில் கோடு விழுந்துவிடுமாம். முதுகுப் பக்கப் பொத்தானை அவரே போட்டுக்கொள்ள முடியாது. அதனால் இருபத்திரண்டு வருஷமாக விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து, அவருக்குப் பின்னால் நின்று ஆறு பொத்தான் போட்டுவிடுவது என் தலையெழுத்து. கல்யாணமான புதிதில் இதில் ஒரு கொஞ்சல் இருந்தது. இப்போது கண்ணைத் திறக்காமலேயே போட்டுவிடுவேன்.

இடுப்பில் பெல்ட் கிடையாது, நாடா வைத்த கால்சட்டைதான். கையில் கடிகாரம் கிடையாது. மோதிரத்தையும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கழற்றி என்னிடம் நீட்டினார். "டப்பாவுல போட்டா தொலைஞ்சிடும். நீயே போட்டுக்க" என்றார். என் கையில் கட்டைவிரலுக்குத்தான் அது நின்றது. அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறது. பாத்திரம் தேய்த்தாலும் துணி துவைத்தாலும் கழற்றுவதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது ஒரே கட்டடம். ஒன்பது மாடி. எனக்குப் படிக்கட்டும் வராந்தாவும். அவருக்குத் தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில் நிற்கும் பத்தொன்பது கார்கள். அங்கே அவரைப் பின்சட்டைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள்.

கார் கழுவுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்களைப் பிடித்து ஒரு நாள் அவரோடு நிறுத்த வேண்டும். முதலில் வெறும் தண்ணீர். மேலேயிருந்து ஊற்றி, ஒட்டியிருக்கிற மண்ணைத் தானாக இறங்க விட வேண்டும். அது இறங்கும்வரை கை வைக்கக் கூடாது. அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். துடைத்த துணியை நேராகச் சோப்பு வாளியில் முக்கினால் காரில் இருந்த மண் வாளிக்குப் போய், வாளியிலிருந்து திரும்பவும் காருக்கே வந்து கீறும். அதனால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் சோப்பு. கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நேராக இழுக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித்துணி. கீழே விழுந்த துணி விழுந்ததுதான், அன்றோடு அது சக்கரத்துணி ஆகிவிடும். ஒருமுறை புத்தம்புதுத் துணியை நான் கைதவறிக் கீழே போட்டுவிட்டேன். மனுஷன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

துணியை எடுத்ததும் கன்னத்தில் ஒருமுறை ஒற்றிப் பார்ப்பார். ஒரே ஒரு மணல் இருந்தாலும் கன்னம் சொல்லிவிடுமாம். கழுவி முடித்ததும், உலர்ந்த துணியை எடுப்பதற்கு முன்னால், காரின் உடம்பு முழுக்க விரல் நுனியால் தடவிக்கொண்டே வருவார். எங்காவது ஒரு பொடி மண் மிச்சமிருந்தால் உலர்துணி அதையே இழுத்துக் கோடு போட்டுவிடும். அந்தத் தடவலைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"என்னை ஒரு நாளாவது இப்படித் தொட்டிருக்கீங்களா?"

"உன் மேல பெயின்ட் இல்லையே."

இந்த ஆளோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளரை அப்படியே கையில் வாங்கிக்கொண்டார். நான் இடுக்கியால் பிடித்திருந்தேன். அவர் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார்.

"ஏங்க, சுடலையா?"

"சுடுதா?" என்று என்னையே கேட்டார்.

விரலை விரித்துப் பார்த்தால் நுனியெல்லாம் சிவந்திருந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒரு வருஷமாகவே மரத்துக்கொண்டு வருகிறதாம். முதலில் வலது கையில் இரண்டு விரல், அப்புறம் எல்லாம். விடியற்காலைத் தண்ணீரிலும் சோப்பிலும் அத்தனை வருஷம் ஊறிய கை வேறு எப்படியிருக்கும். வெளியூரில் இருக்கிற மகள் போனில் கத்தினாள், டாக்டரிடம் காட்டச் சொல்லி. தலையை ஆட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார். டாக்டர் என்றால் லீவு எடுக்க வேண்டும், லீவு என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

"வெளிய தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றார். "மணல் இருக்கா இல்லையான்னு தெரியாதவன்கிட்ட எவன் காரைக் குடுப்பான்? பத்தொன்பதும் ஒரே நாள்ல போயிடும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தடால் தடால் என்று வைத்தேன். அப்புறம் நானே சொன்னேன், "நான் வந்து தடவிப் பாக்கறேன்" என்று.

அப்படித்தான் ஆரம்பித்தது. துணிக்கு அவருடைய கன்னம் இருந்தது, அது போதும். கார்களுக்கு என் கை. ஒன்பது மாடியையும் பெருக்கித் துடைத்துவிட்டுக் கீழே இறங்குவேன். அவர் ஒவ்வொரு காரையும் கழுவிவிட்டு ஒதுங்கி நிற்பார். யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் கூரையிலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வருவேன். "கதவுப் பிடிக்குக் கீழ ஒண்ணு இருக்கு" என்றால் திரும்பவும் அங்கே தண்ணீர் ஊற்றுவார். யாராவது வந்துவிட்டால் நான் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு தூணைச் சுற்றிப் பெருக்குவேன். அந்தத் தூண்களைப்போல் சுத்தமான தூண்களை எங்கேயும் பார்க்க முடியாது.

நாலு மாதம். வீட்டுக்கு வந்தால் முட்டி இரண்டும் மடங்காது. சாப்பிடும்போதே தூங்கிவிடுவேன். எதிரே அவரும் தூங்கிக்கொண்டிருப்பார். எங்களுக்குள் பேச்சே குறைந்துபோனது. பேசினால் அதுவும் கதவுப் பிடி, பானெட், கண்ணாடி ஓரம் என்றுதான் இருந்தது.

நாலாம் மாடிப் பல் டாக்டர் புதிதாகக் கறுப்புக் கார் வாங்கினார். கறுப்பு என்றாலே என் வீட்டுக்காரருக்குப் பயம். வெள்ளை காரில் நூறு கீறல் ஒளிந்துகொள்ளும், கறுப்பில் ஒன்றுகூட ஒளியாது. அந்தக் கார் வந்ததிலிருந்து அதை மட்டும் இரண்டு தடவை தடவச் சொன்னார். தடவினேன்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டார். கட்டடத்துச் செயலாளரும் வந்திருந்தார். பல் விளக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே இழுத்து வந்திருக்க வேண்டும், வாயோரத்தில் நுரை காய்ந்திருந்தது.

டாக்டர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்து வெயில்ல நிறுத்தினப்ப பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவுல ஒரு கோடு. இந்த வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பிடிக்குக் கீழ தொட்டுப் பாருங்க."

என் வீட்டுக்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, கதவை மெதுவாகத் தடவினார். முன்னும் பின்னும் மூன்று தடவை. கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"இங்க ஒண்ணும் இல்லையே சார்" என்றார்.

செயலாளர் குனிந்து தொட்டார். "இருக்கேப்பா. நகம் தட்டுதே."

நானும் தொட்டேன். தட்டியது.

டாக்டர் காரை விட்டுவிட்டு அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தார். "அந்தக் கையைக் குடுங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கங்க." கார் சாவியின் முனையால் ஆள்காட்டி விரலின் நுனியில் அழுத்தினார். "தொடறேனா?"

"ஆமா சார்."

"இப்ப?"

"ஆமா சார். தொடறீங்க."

இரண்டாவது தடவை சாவி டாக்டரின் பாக்கெட்டுக்குள் இருந்தது. நான் பார்த்தேன், செயலாளரும் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவரை அடிக்க வேண்டும் என்றும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது அன்றைக்குத்தான்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டா எங்க காரையெல்லாம் கழுவறே?" என்றார் செயலாளர்.

என் கை இன்னும் கதவின் மேல்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அப்போதுதான் பார்த்தேன். நாலு விரலும் பிடிக்குப் பக்கத்தில் இருந்தன, கட்டைவிரல் அவற்றுக்குக் கீழே, சரியாக அந்தக் கோட்டின் மேல் கிடந்தது. கையை லேசாக நகர்த்தினேன். கட்டைவிரலும் கூடவே வளைந்து வந்தது. கோடும் அப்படியே வளைந்திருந்தது. மோதிரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

கார் கீறிவிடும் என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் கழற்றிய மோதிரம். அதைப் போட்டுக்கொண்டுதான் நாலு மாதமாக அவருடைய கார்களையெல்லாம் தடவியிருக்கிறேன். கறுப்பு காரை இரண்டு தடவை.

பேசாமல் இருந்திருக்கலாம். எப்படியும் பழி அவர் மேல் விழுந்தாகிவிட்டது, என் படிக்கட்டு வேலையாவது தப்பித்திருக்கும். பொய் சொல்வானேன், அந்தக் கணக்கும் மனதில் ஓடத்தான் செய்தது. ஆனால் அவர் தன் விரலைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்க்க முடியவில்லை.

"அது அவர் கை இல்லைங்க. என் கை" என்றேன். "நாலு மாசமா எல்லா காரையும் நான்தான் தடவிப் பாக்கறேன். இந்த மோதிரம் பட்டிருக்கு."

என் வீட்டுக்காரர் என் கட்டைவிரலைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கழட்டச் சொல்லியிருக்கணும்" என்றார் மெதுவாக. "எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தேன். அதைச் சொல்ல மறந்துட்டேன் சார்."

டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் நரம்பு டாக்டர் ஒருவரின் பெயரை எழுதி என்னிடம் கொடுத்தார். இனிமேல் தன் காரை வெளியே கொடுத்துக் கழுவிக்கொள்வதாகவும் சொன்னார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

செயலாளர் தலையைச் சொறிந்தார். "மத்த பதினெட்டு காருக்கு நாளைக்கே நான் ஆளுக்கு எங்க போவேன்?" என்றார். அந்தக் கட்டடத்தில் எங்களைக் காப்பாற்றியது இரக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவருடைய சோம்பேறித்தனம்தான். "நாலு மாசமா வேற யாரும் குறை சொல்லலே. மோதிரத்தைக் கழட்டிட்டு நீயே கழுவும்மா. அவர் வாளி தூக்கட்டும், தண்ணி புடிச்சுக் குடுக்கட்டும், சக்கரத்தைப் பாத்துக்கட்டும். கார் மேல மட்டும் கை வைக்க வேணாம்."

"படிக்கட்டு?" என்று கேட்டேன்.

"அதுவும்தான்."

வேலை தப்பியது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேலே ஏறும்போது ஒன்பது மாடியும் பதினெட்டு காரும்தான் கண்முன் நின்றன. அவர் எனக்கு முன்னால் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு போனார். வழக்கம்போல் சட்டையின் பொத்தான்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் மோதிரத்தைக் கழற்றினேன். கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு பள்ளம். டப்பாவில் போடப் போனவள் நின்றேன். காரில் கை வைக்காதவருக்கு மோதிரம் இருந்தால் என்ன? அவர் விரலைப் பிடித்து, கணுவில் சோப்புப் போட்டுத் தள்ளி மாட்டிவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அது ஏறியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மறுநாள் நாலே முக்கால். அவருடைய பழைய சட்டையை எடுத்து, என் உடுப்புக்கு மேல் முன்பின்னாக மாட்டிக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். முதல் பொத்தானுக்கே ரொம்ப நேரம் ஆனது. விரல் நழுவுவதும், மூச்சை இழுத்துப் பிடிப்பதும், திரும்பத் தொடங்குவதும் கழுத்துக்குப் பின்னால் கேட்டன. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்கு ஒரு பொத்தானும் போட்டுவிட்டதில்லை. கால் கடுத்தது, தூக்கம் கண்ணைக் கட்டியது. அசையாமல் நின்றேன்.

"போட்டாச்சா?" என்றேன்.

"தெரியல" என்றார். "நீயே தொட்டுப் பாரு."