ரோபோவுக்கு வைத்த குங்குமம்

ஒரகடம் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். அவர் வெல்டிங் ரோபோவின் பக்கத்தில் நிற்கும் ஆபரேட்டர். காதோரம் நரை, சிரிப்பே வராத முகம். சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி பஸ் ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் அறிவியல் புனைகதைத் தொடர்கள் பார்ப்பார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடாமல் இறங்க மாட்டார்.

"ரெண்டு சீரியல்லயும் ரோபோ மனுசன எதிர்த்துக்குது சார். ஒண்ணுல மொதலாளிய மொதல்ல சாவடிக்குது. இன்னொண்ணுல சூப்பர்வைசர."

"எது நம்புற மாதிரி இருக்கு?" என்றேன்.

நிதானமாக யோசித்தார்.

"ரெண்டாவதுதான் சார். நம்ம ரோபோவயே எடுத்துக்கோங்க. மொதலாளிய அது பாத்ததே இல்லியே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு, வழக்கமாக அவர் ரோபோவுக்கு வைக்கும் குங்குமத்தை அவர் கையிலிருந்து வாங்கி நானே வைத்தேன். பின்னாலிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் பெருசா வெய்ங்க சார்."